பழைய ஜீப்பில் கை வைக்கலாமா?

போடிநாயக்கனூரில் என் மாமாவிடம் ஒரு பழைய வில்லிஸ் ஜீப் இருந்தது. 1950ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் செய்யப்பட்ட சி.ஜே.-3ஏ என்னும் வகை. போடிமெட்டுக்கு மேலே இருந்த ஏலத் தோட்டத்துக்கு ஆளும் உரமும் ஏற்றிச் செல்வதற்கு அதுதான் வாகனம். ஒரு மழைக் காலத்தில் அது கிளம்ப மறுத்தது. அந்த வண்டியில் ஸ்டார்ட்டரைக் காலால் மிதிக்க வேண்டும். மிதித்தால் எந்திரம் இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றுவிடும். பட்டறையில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள். அடுத்த வாரம் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிப் புதுக் கார்பன் துண்டுகளைப் போட்டார்கள். மூன்றாவது முறை, "இது 6 வோல்ட் வண்டி, இதற்கு வலு போதாது, எல்லாவற்றையும் 12 வோல்ட்டாக மாற்றிவிடலாம்" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்கள்.

மாமா யோசித்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்திருந்தது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஓம் விதியைச் சரிபார்த்த துணிச்சலில், "மாமா, ஒரு வோல்ட்மீட்டர் கிடைக்குமா?" என்று கேட்டேன். "கை வைத்துக் கெடுத்துவிடாதேடா" என்றார் அவர். இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் சொல்ல விரும்பும் பதில்தான். கை வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அளந்த பிறகுதான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வண்டியில் பேட்டரியின் ஒரு முனையிலிருந்து மட்டுமே தனித்தனிக் கம்பிகள் போகும். மறுமுனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். விளக்கானாலும் ஸ்டார்ட்டரானாலும் மின்னோட்டம் திரும்பி வருவது இரும்பு உடலின் வழியாகத்தான். இதை 'எர்த்' என்பார்கள். எந்திரமோ அதிராமல் இருக்க ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. ஆகவே எந்திரத்தையும் சட்டத்தையும் இணைக்க, செம்பு இழைகளைப் பின்னிய ஒரு பட்டை உண்டு. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் அந்தப் பட்டையின் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

வோல்ட்மீட்டரின் ஒரு முனையை எந்திரத்தின் உடலிலும் மற்றொன்றை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தேன். மாமா மிதித்தார். இரண்டு இடங்களும் நல்ல உலோகத்தால் இணைந்திருந்தால் முள் ஏறத்தாழ அசையவே கூடாது. அது ஒன்றரை வோல்ட்டுக்குப் போயிற்று!

கணக்குப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது ஏறத்தாழ 150 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்வோம். 1.5 வோல்ட்டை 150 ஆல் வகுத்தால் 0.01 ஓம். நூறில் ஒரு பங்கு ஓம்! பள்ளியில் நாம் செய்யும் சோதனைகளில் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம். ஆனால் இங்கே, சுழலும் வேளையில் 6 வோல்ட் பேட்டரியே 5 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதில் ஒன்றரையை இந்த ஓரிடம் விழுங்கிவிட்டால் மோட்டாருக்கு மிச்சம் மூன்றரைதான். விழுங்கிய ஆற்றல் எங்கே போகிறது? 1.5 பெருக்கல் 150, அதாவது 225 வாட், வெப்பமாகப் போகிறது. பத்து வினாடி சுழற்றிவிட்டு அந்தப் பட்டையின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தோம். விரலைச் சட்டென்று எடுக்க வேண்டியிருந்தது.

போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்து மீண்டும் முடுக்கினோம். வண்டி முதல் மிதியிலேயே கிளம்பியது. செலவு ஓர் உப்புத்தாள். புதிய பேட்டரிக்கும் ஸ்டார்ட்டர் வேலைக்கும் கொடுத்த பணம் திரும்பவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பட்டறைக்காரர் கெட்டிக்காரரல்லர் என்று நான் சொல்லவில்லை. எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே வால்வு இடைவெளி சரியில்லை என்று சொல்லிவிடக் கூடியவர் அவர். ஆனால் மின்சாரத்துக்குச் சத்தமில்லை. அதை மீட்டரைக் கொண்டுதான் கேட்க முடியும். பாகத்தை மாற்றிப் பார்ப்பது ஊகம். சில வேளை பலிக்கும். பலிக்காதபோது வண்டிக்காரர் பணம் கொடுப்பார்.

அப்படியானால் 12 வோல்ட்டாக மாற்றுவதே தவறா? இல்லை. அமெரிக்க மோட்டார்த் தொழிலே 1950-களின் நடுவில் அந்த மாற்றத்தைச் செய்தது. அதற்கு நல்ல காரணமும் இருந்தது. 36 வாட் முகப்பு விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் அதற்கு 6 ஆம்பியர் வேண்டும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். கம்பியிலும் இணைப்புகளிலும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தால், முதலாவதில் 0.6 வோல்ட் வீணாகிறது. இது பத்தில் ஒரு பங்கு. இரண்டாவதில் 0.3 வோல்ட், இது நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே. இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைக் காட்டிலும் மிக வேகமாகக் குறையும். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடுகிறது. பழைய 6 வோல்ட் ஜீப்புகளின் விளக்கு மஞ்சளாக அழுது வடிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 12 வோல்ட் இந்தக் குறையை மறைக்கும். இணைப்பிலுள்ள துருவை அது நீக்காது. அதோடு எல்லா விளக்குகளையும் மாற்ற வேண்டும். 6 வோல்ட் இழைக்கு 12 வோல்ட் கொடுத்தால், தடை மாறாதிருக்குமானால் அது நான்கு மடங்கு திறனை வாங்கும். கணத்தில் எரிந்து போகும். டைனமோ, பெட்ரோல் அளவு காட்டி, பற்றவைப்புச் சுருள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 6 வோல்ட் விளக்கு நம் ஊர்க் கடையில் கிடைப்பதில்லை என்பதற்காக ஒருவர் மாற்றினால் அது நியாயம். ஸ்டார்ட்டர் சுழலவில்லை என்பதற்காக மாற்றினால் அது நியாயமில்லை.

மேம்படுத்துவது என்றால் என்ன என்பதை இந்த ஜீப்பின் வரலாறே காட்டுகிறது. வில்லிஸ் நிறுவனத்தின் 2.2 லிட்டர் எந்திரம் 1930-களில் 48 குதிரைத்திறன் தந்தது. நெடுநேரம் வேகமாக ஓட்டினால் உடைந்தும் போகும் என்ற கெட்ட பெயரும் அதற்கு இருந்தது. டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் அதைச் செப்பனிட்டார். எந்திரத்தைப் பெரிதாக்கவில்லை. எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று பார்த்து ஒவ்வொரு பாகமாகத் திருத்தினார். பாகங்களின் அளவுகள் நுட்பமாயின, உலோகங்கள் மாறின. அதே கொள்ளளவில் 60 குதிரைத்திறன் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ஜீப்பின் எந்திரம் அதுதான். அந்தப் போர்க்கால ஜீப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்றுண்டு. முகப்பு விளக்கைத் தாங்கியோடு உள்பக்கம் மடக்கித் திருப்பலாம். இரவில் எந்திரத்தைப் பழுதுபார்க்க வெளிச்சம் தருவதற்காக அந்த ஏற்பாடு! வண்டி பழுதாகும், அதை ஓட்டுபவனே இருட்டில் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு வடிவமைத்தவர்களை நான் மதிக்கிறேன்.

இனி டயர் விஷயம். பழைய ஜீப் வாங்கும் இளைஞர்கள் முதலில் செய்வது பெரிய டயர் போடுவதுதான். பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்ன நடக்கிறது? மாமாவின் ஜீப்பில் முதல் கியரில் 2.798 மடங்கு, தாழ்நிலை மாற்றுப்பெட்டியில் 2.46 மடங்கு, அச்சில் 5.38 மடங்கு என்று வேகம் படிப்படியாகக் குறைகிறது. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37. எந்திரம் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் சக்கரம் 27 சுற்றுதான் சுற்றும். 28 அங்குல விட்டமுள்ள டயருக்கு இது மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், அதாவது நாம் மெதுவாக நடக்கும் வேகம். வேகத்தை விட்டுக்கொடுத்துத் திருப்புவிசையை வாங்கிக்கொள்கிறோம். சேற்று மேட்டில் அந்தச் சிறிய எந்திரம் ஏறுவது இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான்.

இப்போது 31 அங்குல டயரைப் போடுங்கள். விட்டம் ஏறத்தாழ 11 சதவீதம் கூடிவிட்டது. தரையைத் தள்ளும் விசை பத்தில் ஒரு பங்கு குறையும். வேகமானி 40 என்று காட்டும்போது வண்டி 44-இல் ஓடும். நிறுத்தும்போது அதே 9 அங்குல பிரேக் டிரம், முன்னைவிட நீண்ட நெம்புகோலின் முனையிலிருக்கும் விசையை எதிர்க்க வேண்டும். திருப்பத்தில் ஸ்டீயரிங் இணைப்புகள் கூடுதல் சுமை தாங்க வேண்டும். ஒரு மாற்றம் நான்கு மாற்றங்களைக் கேட்கிறது. நான்கையும் செய்பவர் அரிது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று தடுப்பதைச் சிலர் வெறும் கெடுபிடி என்கிறார்கள். பிரேக்கை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

மற்றொரு பழக்கமும் எனக்குப் பிடிக்காதது. எந்திரம் சூடேறுகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது. அது குளிர்ந்த எந்திரத்தில் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து, குறித்த வெப்பநிலை வந்ததும் திறந்துவிடும் ஒரு வால்வு. அதை எடுத்துவிட்டால் எந்திரம் சூடேற நெடுநேரமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். எண்ணெயில் நீர் கலந்து கசடு படியும். அடைபட்டுப் பழுதான தெர்மோஸ்டாட் சூட்டுக்குக் காரணமாக இருக்கலாம்தான். அதைச் சோதிப்பதும் எளிது: பாத்திரத்தில் தண்ணீரோடு வைத்து, வெப்பமானி போட்டு, அடுப்பில் காய்ச்சினால் எப்போது திறக்கிறது என்று கண்ணாலேயே காணலாம். அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பாத்திரத்தை எடுங்கள்!

ரேடியேட்டர் மூடியும் இதே கதைதான். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ் உயர்த்துகிறது. மலையேறும்போது ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்குவதால் இது பெரிய உதவி. அதற்காக இன்னும் கனத்த அழுத்த மூடியைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றுகள் பிளந்துகொள்ளும்.

"இன்றைய வண்டிகளில் எல்லாம் கணினி, எழுபது ஆண்டுப் பழைய ஜீப்பைக் கற்று என்ன பயன்?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். புதிய வண்டியில் கருவியைச் செருகினால் எந்த உணரி தவறான அளவைத் தருகிறது என்று எண் காட்டும். ஏன் தவறாகத் தருகிறது என்று அது சொல்வதில்லை. அங்கேயும் துருப்பிடித்த எர்த் இணைப்பு உண்டு. அது மூடிகளுக்கும் உறைகளுக்கும் அடியில் ஒளிந்திருக்கிறது. பழைய ஜீப்பில் முன்மூடியின் இரண்டு கொக்கிகளை விடுவித்தால் போதும், எல்லாம் கண் முன்னே இருக்கிறது. கற்பவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் சில இடங்களில் தனியாகக் கை வைக்கக் கூடாது. பிரேக் அவற்றுள் முதன்மையானது. அந்தக் காலத்து ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்க் குழாய்ச் சுற்றுதான். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போய்விடும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அதன் தூசியை வாயால் ஊதினால் நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே நுழைய வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் சட்டத்தில் உரசிப் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனுக்கு அந்தப் பொறி போதும். இவற்றையெல்லாம் அறிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பெரியவர் பக்கத்தில் இல்லாதபோது நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். எர்த் பட்டையைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் மறுநாள் இடதுபக்கச் சக்கரத்தைக் கழற்ற முனைந்தேன். நட்டு அசையவில்லை. துரு என்று நினைத்து ஸ்பானரில் ஒரு குழாயை மாட்டி, அதன் மேல் ஏறி நின்று மிதித்தேன். போல்ட் 'டக்'கென்று முறிந்தது. அந்த ஜீப்புகளில் இடதுபக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும், சுழலும்போது நட்டு தானாகத் தளராமல் இருப்பதற்காக. அவ்வளவு நேரமும் நான் முடுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். மாமா வந்து பார்த்தார், திட்டவில்லை. முறிந்த முனையைத் துடைத்து என்னிடம் நீட்டினார். அதில் இடதைக் குறிக்கும் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தது.