தொட்டி இன்று, மீன் பிறகு

பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று போகும் பெங்களூர் நெடுஞ்சாலையிலும், ஒரகடம், படப்பை பக்கமும் நம் வண்ண மீன் தொழிலுக்குப் புதிய வாடிக்கையாளர் ஒருவர் உருவாகியிருக்கிறார். கார் ஆலையிலோ செல்பேசி ஆலையிலோ ஷிப்டு பார்க்கும் இளைஞர். ஊர் விழுப்புரமாக இருக்கலாம், ஒடிசாவாகவும் இருக்கலாம். நாலு பேரோடு ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறார். சம்பள நாளின் மாலையில் சாலையோர மீன் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறார். வீட்டில் நாய் வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார், மீனுக்குத் தடையில்லை. அவர் கேட்பதும் நாம் சொல்வதும் ஏறக்குறைய எல்லாக் கடையிலும் ஒன்றுதான்.

“அண்ணா, இந்த பவுல்ல எத்தனை மீன் விடலாம்?”

“நாலு கோல்டு ஃபிஷ் விடலாம் தம்பி. வாரம் ஒரு தடவை தண்ணிய முழுசா மாத்திடு, கல்லையும் நல்லா கழுவிடு. ஒண்ணும் ஆகாது.”

இந்தப் பதிலில் மூன்று தவறுகள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து அந்த மீன்களை இரண்டு மூன்று வாரத்தில் கொன்றுவிடும். சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் கல்லாவில் நின்றவர் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். ஆனால் நாம் விற்கும் பொருளில் மீன் பாதிதான், சொல்லும் வார்த்தை மறுபாதி. அந்த மறுபாதியின் தரத்தைப் பற்றி நம் தொழிலுக்குள் நாமே பேசியாக வேண்டும். அதற்காகவே இந்த இதழின் ஆசிரியர் உரை.

புதுத் தொட்டியில் நடப்பது என்ன என்பது நம்மில் பண்ணை வைத்திருப்போருக்குத் தெரியும். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. முதல் இரண்டும் நஞ்சு, மூன்றாவது அவ்வளவு கொடியது அல்ல. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும். வாடிக்கையாளர் செத்த மீனோடு திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இரண்டு ஏற்றங்களில் ஒன்றின்போதுதான். ‘தண்ணி இன்னும் செட் ஆகல தம்பி’ என்கிறோம். அது உண்மை. அந்த உண்மையை மீன் விற்பதற்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை. நீல மருந்து ஒரு பாட்டிலும் புதிதாக நாலு மீனும் கொடுத்து அனுப்புகிறோம். நீல மருந்து என்பது மெத்திலின் ப்ளூ. வளர்ந்துவரும் கொஞ்சம் பாக்டீரியாவையும் அது கெடுக்கும்.

வாரம் ஒரு முறை தண்ணீரை முழுவதும் மாற்றி, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவச் சொல்வது இதைவிடப் பெரிய கேடு. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கிறது. கழுவும் ஒவ்வொரு முறையும் பாக்டீரியா அழிந்து முதல் நாளுக்கே திரும்புகிறோம். மாற்றிய அன்று மீன் தெளிந்து நீந்தும், மூன்றாம் நாள் மேலே வந்து வாயைத் திறக்கும். சுத்தம் போதவில்லை என்று அவர் இன்னும் அடிக்கடி கழுவுவார். கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும், ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிய வேண்டும். சொல்ல அரை நிமிடம் ஆகாத அறிவுரை இது.

செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிக்கென்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வாடகை அறையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகைத் தண்ணீர்: போர் தண்ணீர், கேன் தண்ணீர். இரண்டும் வேறு வேறு விதத்தில் தொல்லை தரும். போர் தண்ணீர் கடினமாக இருக்கும், பிஎச் 8 வரை போகும். கோடையில் ஷீட் போட்ட அறைக்குள் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அம்மோனியாவின் நஞ்சு இந்த இரண்டையும் பொறுத்தது. 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே நஞ்சு வடிவில் இருக்கும், பிஎச் 8 என்றால் ஏழு பங்குக்கு மேல். அதே மீன், அதே தீனி, நஞ்சு மட்டும் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அந்த வெப்பத்தில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும் குறைவு, லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுதான். குளிர்ந்த நாடுகளின் புத்தகங்களிலிருந்து எடுத்த ‘ஒரு அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்’ கணக்கு இங்கே ஏன் பலிக்கவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

‘போர் தண்ணி வேணாம், கேன் தண்ணி ஊத்து’ என்று சொல்லும் கடைகளும் உண்டு. ஆர்ஓ செய்த கேன் தண்ணீரில் காரத்தன்மை அநேகமாக இல்லை. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவுக்கு அது தேவை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகிறது. கேன் தண்ணீரில் அது சில நாளிலேயே தீர்ந்து பிஎச் சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும், மீன் ஓரத்தில் ஒடுங்கும். போர் தண்ணீரை ஒரு இரவு ஏர் பம்ப் ஓடவிட்டு வைத்து, அதிலேயே வாழக்கூடிய மீனைக் கொடுப்பதே சரி. கப்பி, மாலி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரை விரும்புபவை. இந்தப் பகுதிப் புதியவருக்கு இயற்கையே கொடுத்த மீன் அவை. நாம் கையில் எடுத்துக் கொடுப்பதோ கோல்டு ஃபிஷ்! கழிவு அதிகம், வளர்ந்தால் இருபது சென்டிமீட்டருக்கு மேல் போகும், ஒழுங்காக வைத்தால் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். அதை நாலு லிட்டர் பவுலில் நாலு விடச் சொல்கிறோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டிகூட ஐம்பத்தாறு லிட்டர்தான் பிடிக்கும். ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ் குட்டியாக இருக்கும்வரைதான் அது போதும்.

நம் கடைத் தொட்டியே ஒரு தவறான ஆலோசகர் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டடித் தொட்டியில் ஐம்பது மீன் நீந்துவதைப் பார்ப்பவர், வீட்டில் பத்து விட்டால் என்ன என்று நினைப்பது நியாயம்தான். அங்கே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் இருக்கிறது, தினமும் தண்ணீர் எடுக்கிறோம், மீன் சில நாட்களில் விற்றுப்போகிறது. இது எதுவும் கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. தொட்டி மேல் ‘விற்பனைக்காக அடர்த்தியாக வைத்திருக்கிறோம்’ என்று ஒரு அட்டை ஒட்ட என்ன செலவாகும்?

நம் கடைகளின் எல்லா அறிவுரையும் தப்பு என்று சொல்லவில்லை. ‘கல்லுப்பு கொஞ்சம் போடு’ என்பதைப் படித்தவர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். கேலி செய்பவர்கள்தான் தவறு. உப்பிலிருக்கும் குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அது இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் போதும். நைட்ரைட் ஏறும் மூன்றாவது வாரத்தில் அது உயிர் காக்கும். முதல் வாரத்து அம்மோனியாவுக்கு அது மருந்தாகாது. கைப்பழக்கமாக வந்த அறிவு நம்மிடம் நிறைய இருக்கிறது, எப்போது எதற்கு என்பதுதான் வழியில் உதிர்ந்துவிட்டது. ‘ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நிறையப் போட்டுட்டுப் போ’ என்பது அப்படி உதிர்ந்த பிறகு மிஞ்சியது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு வாரம் பூட்டிக் கிடக்கும் அறையில், வளர்ந்த மீன் பட்டினியால் சாகாது. தின்னாமல் அழுகிய தீனியால்தான் சாகும்.

இந்த அறிவுரைகள் தொட்டியோடு முடிவதில்லை. செம்பரம்பாக்கத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. ‘டேங்க் க்ளீனர்’ என்று விற்கும் மீனைப் பற்றி என்ன சொல்லி விற்கிறோம்? பாசி தின்னும், சுத்தமாக வைக்கும் என்கிறோம். ஒன்றரை அடிக்கு வளரும் என்று சொல்வதில்லை. ‘ஷார்க்’ என்று விற்கும் குட்டி, ஆந்திரத்தில் உணவுக்காகக் குளங்களில் வளர்க்கும் அதே பங்காசியஸ் கெளுத்தி, ஒரு மீட்டரைத் தாண்டும். தொட்டி போதாமல் போகும்போது அந்த இளைஞர் திரும்பி வந்து கேட்கிறார். ‘நாங்க திரும்ப எடுக்கறதில்ல, பக்கத்துல ஏரி இருக்குல்ல, விட்டுடு’ என்று சொல்லும் கல்லாக்கள் இருக்கின்றன. பக்கத்து ஏரி, சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் 3,645 மில்லியன் கன அடி நீர்த்தேக்கம். டேங்க் க்ளீனர் மீன் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் என்று பல மாநில நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. அதன் முள் வலையைக் கிழிக்கிறது. வலையில் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பதிலாக அது வருகிறது, வாங்க ஆளில்லை. முட்டையிட அது கரையில் ஆழமாக வளை தோண்டும். மண் கரை கட்டி நிறுத்திய ஏரிகள் நிறைந்த நாட்டில் அதன் பொருள் என்ன என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளம் வந்தால் தொட்டியும் குளமும் ஆறும் ஒன்றாகிவிடும். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு அங்குள்ள நீர்நிலைகளில் அரபைமாவும் அலிகேட்டர் காரும் பிடிபட்டன. அவை எந்த வழியாக இந்த நாட்டுக்கு வந்தன என்றால், நம் தொழில் வழியாகத்தான்.

2017 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் காட்சியகங்களுக்கும் மீன் கடைகளுக்கும் விதிகளை அறிவித்தது. பவுலில் மீன் வைக்கக்கூடாது, முழுநேர மீன்வள வல்லுநர் இருக்க வேண்டும், பதிவு வேண்டும், 158 வகை மீன்களுக்குத் தடை என்று அது போனது. சிறு கடைக்குச் சம்பளத்துக்கு வல்லுநர் வைப்பது ஆகாத காரியம். பல தடைகளுக்கு அடிப்படையும் விளங்கவில்லை. நாடு முழுக்கத் தொழில் எதிர்த்தது, விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறோம். ஆனால், வல்லுநர் இல்லாமலே எங்களால் ஒழுங்காகச் சொல்லி விற்க முடியும் என்பதுதான் அந்த எதிர்ப்புக்குள் இருந்த வாக்குறுதி. இத்தனை ஆண்டுகளில் அதை நிறைவேற்ற நாம் எதுவும் செய்யவில்லை. பிரிட்டனில் வண்ண மீன் வணிகர்களின் சங்கமே கடைத் தண்ணீருக்கு அளவு வைத்திருக்கிறது: நஞ்சு வடிவிலான கட்டற்ற அம்மோனியா லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, நைட்ரைட் 0.2க்கு மேல் கூடாது. இத்தாலியில் மொன்சா நகரம் 2004இலேயே வட்டப் பவுலைத் தடை செய்தது. நமக்கு இங்கே தடை வேண்டாம். அளவு வேண்டும், அதையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

கொளத்தூர், ரெட்டேரி, பொன்னேரி பக்கத்துப் பண்ணைகளின் திறமையை நாடு அறியும். வண்ண மீன் வர்த்தகத்துக்கென்று வில்லிவாக்கத்தில் தனி மையமே எழுப்ப அரசு முன்வந்தது அந்தத் திறமையால்தான். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிகளுக்குப் பண்ணைக்காரர்கள் போகிறார்கள், இனப்பெருக்கம், நோய், தீனி என்று கற்கிறார்கள். கல்லாவில் நிற்கும் பையனை யாரும் எந்தப் பயிற்சிக்கும் அனுப்புவதில்லை. முதல் மீனை விற்பவர் அவர்தான்.

பெங்களூர் நெடுஞ்சாலையில் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு இரண்டு யோசனைகள். முதலாவது, தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்காதீர்கள். வியாபாரம் போய்விடும் என்று பயப்படுவீர்கள், அதற்கும் வழி இருக்கிறது. ஆரோக்கியமான, மருந்து போடாத ஒரு தொட்டியில் பத்துப் பதினைந்து ஸ்பாஞ்ச் ஃபில்டர்களை எப்போதும் ஓடவிடுங்கள். ஒரு மாதம் ஓடியதைப் புதிய ஸ்பாஞ்சைவிடக் கூடுதல் விலைக்கு, தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டு விற்கலாம். அதை வாங்கியவர் இரண்டு மூன்று நாளில் நாலு கப்பி கொண்டுபோகலாம், மீதியை இரண்டு வாரம் கழித்து. பழைய ஸ்பாஞ்சுக்கு அடக்கவிலை கொஞ்சம்தான், லாபம் நீல மருந்தைவிட அதிகம். மீன் சாகாத வாடிக்கையாளர் மூன்று மாதத்தில் பெரிய தொட்டி கேட்டு வருவார். இப்போது மூன்று மாதத்தில் பவுலைப் பரணில் போட்டுவிட்டு நம் பக்கமே திரும்புவதில்லை. வெள்ளைப்புள்ளி நோய் கண்ட தொட்டியின் ஸ்பாஞ்சை மட்டும் எக்காரணம் கொண்டும் விற்கக்கூடாது.

இரண்டாவது, டேங்க் க்ளீனர், ஷார்க், ஆஸ்கர், ரெட் டெயில் கெளுத்தி ஆகியவற்றை விற்கும் கடை, வளர்ந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் தர வேண்டாம், எடுத்துக்கொண்டால் போதும். எடுக்க இடமில்லாத கடை அந்த மீனை விற்க வேண்டாம்.

கல்லாவில் கொடுக்க ஒரு பக்கச் சீட்டு தயாரித்திருக்கிறோம். போர் தண்ணீரை ஒரு இரவு வைப்பது, கால் பங்கு மாற்றுவது, ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி, ஊருக்குப் போகும்போது எதுவும் போடாமல் போவது, ஏரியில் விடாமல் கடைக்குக் கொண்டுவருவது, இவ்வளவுதான் அதில். தமிழில் இந்த இதழோடு வருகிறது. ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கத்து விடுதிகளில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது பயன்படாது என்பதால் இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும். அந்த மொழிகளைப் பேசும் ஊழியர்கள் உங்கள் கடையில் இருந்தால், வாடிக்கையாளர் பேசுகிற வார்த்தையிலேயே எழுதி அடுத்த இதழுக்கு முன் அனுப்பச் சொல்லுங்கள்.