ஐ7 என்னும் மூடநம்பிக்கை

பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததோ இல்லையோ, வீட்டுக்குள் இன்னொரு கலந்தாய்வு தொடங்கிவிடுகிறது: பிள்ளைக்கு என்ன லேப்டாப் வாங்குவது? இந்தத் துறையில் நிபுணர்களுக்குப் பஞ்சமே இல்லை. சித்தப்பா ஒருவர், எதிர்வீட்டு ஐ.டி. பையன் ஒருவன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ தள்ளிவிட்ட பட்டியல் ஒன்று. எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, “வாங்குறதுதான் வாங்குறீங்க, ஐ7-ஆ வாங்கிடுங்க.” இந்த ஆண்டும் அதே பல்லவி காதில் விழத் தொடங்கிவிட்டது. எந்த ஐ7, எந்த ஆண்டு வந்தது, உள்ளே எத்தனை கோர், எத்தனை வாட் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஐந்தைவிட ஏழு பெரியது என்ற ஒன்றாம் வகுப்புக் கணக்கை நம்பி எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று எடுத்து நீட்டுகிறோம். பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையும் பக்கத்திலேயே நின்று தலையாட்டுகிறது.

ஐ7-7500யூ என்று ஒரு சிப். இன்டெல் 2016-ல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் ‘ஐ7 லேப்டாப்’ என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்த பலருடைய பெட்டிக்குள் இருந்தது இதுதான். இருந்தவை இரண்டே இரண்டு கோர். அதே தலைமுறையில் மேஜைக் கணினிக்கு வந்த ஐ5-7400-ல் நான்கு கோர். சரி, லேப்டாப்பை லேப்டாப்போடுதான் ஒப்பிட வேண்டும் என்பீர்கள், ஒப்பிடுவோம். ஐ5-7200யூவிலும் அதே இரண்டு கோர்தான். ஐ7 கூடுதலாகக் கொடுத்தது, உச்ச வேகத்தில் 3.1-க்குப் பதில் 3.5 கிகாஹெர்ட்ஸ், கேஷில் 3-க்குப் பதில் 4 எம்.பி. வாசலில் ‘ஸ்பெஷல் மீல்ஸ்’ என்று போர்டு மாட்டிவிட்டு இலையில் அப்பளம் ஒன்றைக் கூடுதலாக வைக்கிற கதை. அடுத்த ஆண்டு, 2017 ஆகஸ்டில், ஐ5-8250யூ வந்தது. அதே 15 வாட், ஆனால் நான்கு கோர். முந்தைய ஆண்டு ஐ7 வாங்கியவரை, அந்த ஆண்டு ஐ5 வாங்கியவர் பல வேலைகளில் அநாயாசமாகத் தாண்டிப் போனார்.

ஐ7 என்ற பெயருக்கு மரியாதை எங்கிருந்து வந்தது என்றும் பார்த்துவிடலாம். 2008 நவம்பரில் முதலில் வந்த ஐ7 சிப்புகள் எல்லாம் மேஜைக் கணினிக்கானவை, எல்லாவற்றிலும் நான்கு கோர். அங்கே சம்பாதித்த பெயரைத்தான் பிறகு மெல்லிய லேப்டாப்புகள் உட்கார்ந்து சாப்பிட்டன. விஷயமெல்லாம் எண்ணின் வாலில் இருக்கும் எழுத்தில் இருக்கிறது. யூ என்று முடிந்தால் பெரும்பாலும் 15 வாட் கணக்கில் ஓட அமைத்த சிப். எச் என்றால் 45 வாட். மேஜைக் கணினியில் 65 வாட் சர்வசாதாரணம். சிப் ஓட ஓடச் சூடு கிளம்பும், அந்தச் சூட்டை வெளியே தள்ள முடிகிற அளவுக்குத்தான் அது தொடர்ந்து ஓட முடியும். விரல் தடிமன் உள்ள பெட்டி, தூசி அடைத்த குட்டி ஃபேன், போதாக்குறைக்குக் காற்று போகும் ஓட்டையை மெத்தையில் அமுக்கி வைத்துக்கொண்டு படம் பார்க்கும் வழக்கம். சென்னை வெயிலில் இதெல்லாம் சேர்ந்தால் எந்த ஏழும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 7500யூ பழைய கதை என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2022-ல் வந்த ஐ7-1255யூ, ஐ5-1235யூ இரண்டிலும் பெரிய கோர் இரண்டு, சிறிய கோர் எட்டு. அதே ஆண்டின் ஐ5-12500எச்சில் பெரிய கோர் நான்கு, சிறியவை எட்டு. ஐந்தைவிட ஏழு பெரியது என்ற கணக்கை இங்கே எந்த வாத்தியார் திருத்துவார்?

“இன்றைக்குத் தேவையில்லாவிட்டாலும் நாலைந்து வருஷம் தாங்க வேண்டாமா?” என்பது அடுத்த வாதம். நம் 7500யூவையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, அது எந்தெந்த சிப்பில் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு பட்டியல் போட்டது. ஐ7-7500யூ அதில் இல்லை. செலரான் என்4000 இருக்கிறது. ஆமாம், கடைக்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டு மூலையில் வைக்கும் அதே செலரான். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. எதிர்காலத்துக்கென்று கூடுதல் பணம் கொடுத்தவருக்கு எதிர்காலம் கதவைச் சாத்த, சல்லிசாக வாங்கியவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அப்படியே விண்டோஸ் 10-ல் கிடந்த ஆண்டுகளிலாவது அந்த ஐ7 பறந்ததா? அன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் நிமிடத்துக்கு 5400 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்க்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சி.பி.யூ. ஏழெட்டு சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மட்டும் 100-ல் நின்று மூச்சுவாங்கும். சிப்புக்குக் கொட்டிய பணத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டிருந்தால் அந்தப் பெட்டி உருப்பட்டிருக்கும். இப்போதும் ஐ7 வாங்கிப் பட்ஜெட் இடித்ததும் ரேமை 8 ஜி.பி.யோடு நிறுத்திக்கொள்பவர்கள் செய்வது இதே காரியம்தான். “இன்ஜினியரிங் சாஃப்ட்வேர் எல்லாம் ரொம்ப ஹெவி” என்பார்கள். முதலாண்டில் எழுதப்போகும் சி, பைத்தான் பயிற்சிகளுக்கு எந்தக் கணினியும் போதும். மெக்கானிக்கல் பிள்ளை பின்னால் பெரிய கேட் மாடல்களைத் திறக்கும்போது கையைக் கடிப்பது ரேமும் கிராஃபிக்ஸ் கார்டும்.

அதைவிட அடிப்படையான கேள்வி, எதற்கெடுத்தாலும் லேப்டாப் எதற்கு? ஹாஸ்டல் பிள்ளைக்கு வேண்டும், அதில் தகராறில்லை. வீட்டிலிருந்து கல்லூரிப் பேருந்தில் போய்வருகிற பிள்ளைக்கும், மேஜையை விட்டு ஓரடி நகராத பில்லிங் கணினிக்கும், ஓய்வுபெற்ற அப்பா இ.பி. பில் கட்டுவதற்கும் லேப்டாப் என்று யார் சட்டம் போட்டது? அதே காசைக் கொண்டுபோய் ரிச்சி தெருவில் ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தால் இன்னும் வலுவான சிப் வரும், பெரிய திரை வரும், கழுத்தும் பிழைக்கும். ரேம் போனால் ரேமை மாற்றலாம், எஸ்.எம்.பி.எஸ். போனால் அதை மட்டும் மாற்றலாம். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய அன்று எவ்வளவோ, ஆயுளுக்கும் அவ்வளவுதான். கீல் விட்டுப்போவதும் பேட்டரி உப்புவதும் தனிக் கணக்கு. கரண்ட் போனால் என்ன செய்வது என்பவர்களுக்கு யூ.பி.எஸ். என்று ஒன்று கண்டுபிடித்து வெகுகாலமாகிறது.

இந்த மோகத்துக்குத் தீனி போடுவதில் கடைகளுக்கும் பங்குண்டு. இலவசப் பையையும் வயர்லெஸ் மவுஸையும் காட்டினால் நாம் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஐ7 இல்லாவிட்டால் படிப்பு நின்றுவிடுமா என்ன? 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான பிள்ளைகள் வாங்கியவற்றில் ஐ7 கிடையாது. ‘டப்பா’ என்று அவற்றைக் கேலி பேசியவர்களுக்கு, அந்த டப்பாவில் முதல் புரோகிராமை எழுதிப் பழகியவர்கள் கண்ணில் படுவதேயில்லை. இதற்கிடையே இன்டெலே 2023-ல் புதிய சிப்புகளுக்கு ‘ஐ’ என்ற எழுத்தைக் கைவிட்டுவிட்டது. இப்போது போய் ஐ7 இருக்கிறதா என்று கேட்டால், “அதெல்லாம் பழசு சார், அல்ட்ரா 7 வந்துடுச்சு” என்று கண் இமைக்காமல் சொல்வார்கள். அல்ட்ரா 7 155யூவில் பெரிய கோர் இரண்டு. கூடவே வந்த அல்ட்ரா 5 125எச்சில் நான்கு. கீபோர்டுக்குப் பக்கத்தில் பளபளக்கும் ஸ்டிக்கரில் 7 மட்டும்தான் இருக்கும், வால் எழுத்து இருக்காது. அது யூவா எச்சா என்று கேட்டுப் பாருங்கள், விற்பவரே அட்டைப்பெட்டியைப் புரட்டிப் பொடி எழுத்து லேபிளைத் தேடுவார்.