எலுமிச்சை தேய்த்தால் மஞ்சள்தான் மிஞ்சும்

எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தினமும் பல் தேய்க்கச் சொல்கிறார் நண்பர். கூச்சம் எடுத்தால் கறை கழல்கிறது என்று பொருளாம், பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். கழல்வது கறை மட்டுமல்ல ஐயா, எனாமலும்தான். பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. அதில் இளகிய பரப்பை உப்பு உப்புத்தாளாகவே அராவிவிடும்.

தேய்ந்த எனாமல் திரும்ப முளைக்காது. அதனடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். எனவே வெண்மைக்காகத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் தெரியும். டென்டினின் நுண்குழாய்கள் திறந்துகொள்வதால்தான் ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீர் என்கிறது.

“பல்லை வெளுக்கும் பெராக்சைடிலும் கூச்சம் வருகிறதே?” என்கிறார். வருகிறது, பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களில் அடங்கிவிடும். பல் மருத்துவர் அளவெடுத்துத் தரும் தட்டில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு இட்டு வீட்டிலேயே வெளுக்கலாம். கூசினால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையைத் தொடர்ந்து சில வாரங்கள் பயன்படுத்தலாம். சொத்தை இருந்தால் முதலில் அதை அடைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சை ரசத்துக்குப் போகட்டும்.