திங்களுக்கோர் இயங்குதளம்

விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. நம் விடுதியிலுள்ள பழைய மடிக்கணினிகளிற் பல விண்டோஸ் 11-ஐ ஏலா. ஆகவே மாணவர் பலர் கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸை நாடத் தலைப்பட்டனர். அது நன்றே. ஆயின், இம்மாதம் உபுண்டு, வரும் மாதம் பெடோரா என ஓயாது மாற்றிவரும் வழக்கம் நன்றன்று என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

யாமும் அப்பிழை செய்தோமே. சென்ற பருவத்திற் குறுந்தொகைக் கட்டுரையை ஒப்புவிக்கவேண்டிய நாளின் முந்தையிரவு, தோற்றத்திற் சிறந்ததெனக் கேள்வியுற்றுப் புதியதொன்றை நிறுவினோம். விடியுமளவும் திரை அழகாகவே இருந்தது. தமிழ்99 விசைப்பலகைதான் இயங்கவில்லை. கட்டுரையைக் கையால் எழுதிக் கொடுத்தோம். ஆசிரியர் ஏற்றுக்கொண்டது எம் நல்லூழ்.

ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரியும் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் இதனைக் கேட்டு நகைத்தார். அவர் பல்லாண்டுகளாக லினக்ஸைக் கையாள்பவர். "தம்பி, புதிதாக என்ன தருகிறார்கள் என்று கேளாதே. எத்தனை ஆண்டு பழுதுபார்ப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று கேள்" என்றார். ஓடுகின்ற பொறியை நிறுத்தி மென்பொருளைப் புதுப்பிக்க அங்கே எவரும் விரைவதில்லையாம்.

அக்கேள்வி வீணன்று. சென்டோஎஸ் 8 என்னும் பதிப்பு 2029 வரை பேணப்படுமென நம்பிப் பலர் தம் சேவையகங்களை அதன்மேல் அமைத்தனர். ரெட்ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த அத்திட்டத்தார் 2020 டிசம்பரில் அறிவிப்பு விடுத்து, 2021 இறுதியோடு அதனை முடித்துவிட்டனர். நம்பியோர் வேறிடம் தேடி அலைந்தனர். டெபியனோ 1993-இல் தோன்றி இன்றளவும் தன்னார்வலராற் பேணப்பட்டு வருவது. அஃது எந்தக் கம்பெனிக்கும் உடைமையன்று. ஏறக்குறைய ஈராண்டுக்கொரு நிலைப்பதிப்பு வரும். ஒவ்வொன்றும் ஐந்தாண்டளவு திருத்தம் பெறும். உபுண்டு இதன் வழிவந்ததே. சென்னை சி-டாக் நிலையத்தார் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இதனை அடித்தளமாகக் கொண்டதே.

டெபியனிற் குறையில்லை என்போமல்லேம். அதிலுள்ள மென்பொருள்கள் சற்றே பழையன. புத்தம்புதுக் கணினியின் உறுப்புகள் சில அதற்குப் பிடிபடாமலும் போகலாம். அத்தகைய கணினி வாங்கினோர் பெடோராவை நாடுதல் தகும். நாடியபின் அதிலேயே நிலைப்பாராக!

எம் மூத்தவர் கற்பித்தபடி, இம்முறை நிறுவுமுன் யுஎஸ்பி துண்டிலிருந்தே டெபியனை இயக்கினோம். தமிழ்த் தட்டச்சு, வைஃபை, விடுதி அச்சுப்பொறி மூன்றையும் சோதித்து, கோப்புகளைப் படியெடுத்து வைத்தபின்னரே வட்டில் நிறுவினோம். ஏழு திங்களாயின. இக்கட்டுரையும் அதிலேதான் தட்டெழுதப்பட்டது. விழையும் மாணவர் ஞாயிறு ஆராதனைக்குப்பின் எம் அறைக்குக் கணினியோடு வரலாம். தமிழ்99-ஐ முதலிற் சரிபார்த்துத் தருவோம்.