பட்டம் தருவது பாடம் மட்டுமல்ல, விதியும்தான்



பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் காலம் இது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் எனக்குப் போன் வருகிறது. "சார், எந்தக் குரூப் எடுக்கலாம்? எந்தக் காலேஜ் நல்லது?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் "அந்தக் காலேஜின் விதிகள் என்ன?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு பெண், பி.ஏ.வில் மேஜர் பாடம் எல்லாம் பாஸ். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். எம்.ஏ. சேரப் போனபோது பட்டச் சான்றிதழ் கேட்டார்கள். அவளால் கொடுக்க முடியவில்லை. காரணம், பகுதி ஒன்றில் உருது எடுத்தவள், பகுதி நான்கில் வரும் அடிப்படைத் தமிழ்த் தாள் இரண்டை எழுதவே இல்லை. "அது மார்க்கில் சேராது, விட்டுடு" என்று சீனியர் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடம் போயிற்று.

சீனியர் சொன்னதில் பாதி உண்மை. பகுதி நான்கின் மதிப்பெண் பெரும்பாலும் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்ற கணக்கில் சேராது. ஆனால் அதன் கிரெடிட் பட்டத்துக்குச் சேரும். இளங்கலைக்கு மொத்தம் 140 கிரெடிட் என்றால், 136 வாங்கியவருக்கும் பட்டம் இல்லை. இந்த ஒரு வரி அவளுக்கு முதல் வருடமே தெரிந்திருந்தால் போதும்.

நம் பகுதியில் பகுதி ஒன்றில் உருது, அரபி எடுப்பவர்கள் நிறைய. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் தமிழ் படிக்காமல் வந்து வேறு மொழி எடுத்தால் அடிப்படைத் தமிழ். பிளஸ் டூ வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுத்தால் சிறப்புத் தமிழ். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் வேறு துறையின் விருப்பப் பாடம். நம் பக்கத்து விதிகளில் பொதுவாக உள்ள ஏற்பாடு இது. தமிழ் தெரிந்த பிள்ளை அடிப்படைத் தமிழ் எழுதினாலும் சிக்கல், தமிழ் தெரியாத பிள்ளை எழுதாமல் விட்டாலும் சிக்கல்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு தாளுக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேர்ச்சி 40. ஒரு மாணவன் இன்டர்னலில் 25-க்கு 25 வாங்குகிறான், தேர்வில் 29. மொத்தம் 54. பாஸ் என்றுதானே நினைப்போம்? இல்லை, அரியர். ஏனென்றால் 75-இல் தனியாக 40 சதவீதம், அதாவது 30, எடுத்தாக வேண்டும் என்பது விதி. "54 வாங்கியும் பெயில் பண்ணிட்டாங்க" என்று அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. விதி முதல் நாளிலிருந்தே அச்சில் இருந்தது.

அடுத்தது வருகைப் பதிவு. 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டொனேஷன் பணமும் மருத்துவச் சான்றும். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. இன்னும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். எந்தச் சதவீதத்தில் எது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நம் ஊரில் வருகை குறைய முக்கியக் காரணம் ஊர் சுற்றுவது அல்ல. ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும்போது பையன் கம்பெனிக்குப் போய்விடுகிறான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் இடத்தில் மகன் நிற்கிறான். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் எத்தனை நாள் விடலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டு விட வேண்டும். ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விடலாம். அந்த 22 என்ற எண்ணை வீட்டுக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள்.

இனி, "யார் விதி?" என்ற கேள்வி. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்தது. இப்போது சேர்க்காட்டில் இருக்கிறது. நம் பகுதிக் கலைக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. ஆனால் வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம், வேலூர் டி.கே.எம். போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டமும் தேர்வும் அவர்களே நடத்துவார்கள், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். வி.ஐ.டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம், அதன் விதி முற்றிலும் தனி. எனவே அத்தை மகள் ஒரு கல்லூரியில், நீ ஒரு கல்லூரியில் என்றால், அவள் சொல்லும் விதி உனக்குப் பொருந்தாது. ஒரே கல்லூரியில் படித்த அண்ணன் சொல்வதும் பொருந்தாமல் போகலாம். 2023-24-இல் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு மாதிரிப் பாடத்திட்டம் வந்து பலதும் மாறியது. நீ சேர்ந்த ஆண்டின் விதிதான் உன் விதி.

சேரும் முன்பே பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, பட்டத்தின் பெயர். புதுப் புதுப் பெயரில் கோர்ஸ்கள் வருகின்றன, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம் என்று போகும்போது, கேட்கப்பட்ட பட்டத்துக்கு இது இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் தேர்வில் பாஸ் ஆனாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடும். அரசு வேலை ஆசை இருந்தால் இதைக் கேட்காமல் சேராதீர்கள்.

இரண்டு, பயிற்று மொழி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது, 2020-இல் திருத்தப்பட்டது. பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்த பிள்ளை, பட்டப்படிப்பை மட்டும் ஆங்கிலவழியில் எடுத்தால், பட்டம் கேட்கும் வேலைகளில் அந்த முன்னுரிமை போய்விடும். ஆங்கிலவழி வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து எடுங்கள்.

மூன்று, விலகினால் பணம். ஒரு கல்லூரியில் கட்டிவிட்டு வேறு இடம் கிடைத்தால், "பணமும் தர மாட்டோம், டி.சி.யும் தர மாட்டோம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். யு.ஜி.சி.யின் 2018 அறிவிப்புப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுத் தொகையும் திரும்பும். அதில் 5 சதவீதம், 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடிக்கலாம். தாமதிக்கத் தாமதிக்கக் குறைந்து, கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள்.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு விதமான பதில் வருகிறது. ஆசிரிய நண்பர்கள், "பதினெட்டு வயசுப் பிள்ளை, அவன்தான் படிக்கணும், நாங்க ஊட்டி விடணுமா?" என்கிறார்கள். பெற்றோர், "நாங்க தோல் வேலை செய்யறவங்க, எங்களுக்கு என்ன தெரியும், காலேஜ்தான் சொல்லணும்" என்கிறார்கள்.

என் கருத்து இது. விதியைத் தெரிந்துகொள்வது மாணவனின் கடமை, அதில் சமாதானம் கிடையாது. கையெழுத்துப் போட்டவன் அவன். ஆனால் அந்த விதி நாற்பது பக்கம் ஆங்கிலத்தில், எங்கோ ஒரு மூலையில் கிடந்தால், அதைத் தெரிவித்ததாகக் கல்லூரி சொல்லிக்கொள்ளக் கூடாது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் உண்டு. முதல் பட்டதாரிக்கு அந்தத் தாள்தான் துணை. நான்கு பக்கம், தமிழில், நம் ஊருக்கு உருதுவிலும், முதல் நாளே கையில் கொடுக்கலாம். செலவு ஒரு டீக்குக்கூட ஆகாது. வருகை 80-க்கு இறங்கும்போதே வீட்டுக்குத் தமிழில் ஒரு செய்தி அனுப்பலாம். 75 என்ற விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. அது தளர்ந்தால் முதலில் படிப்பை இழப்பது நம் பிள்ளைகள்தான். முன்கூட்டியே சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவே.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பில் ஊற வேண்டிய தோல் சரியாக ஊறவில்லை என்றால் கடைசியில் எத்தனை பாலிஷ் போட்டாலும் நிற்காது. முதல் செமஸ்டரில் கவனிக்காமல் விட்டது ஆறாவது செமஸ்டரில் வந்து நிற்கும்.

என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் கல்லூரி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். உங்கள் துறைக்காவது அந்த நான்கு பக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். ஷூ கம்பெனிகளில் சூப்பர்வைசராக, மேனேஜராக இருக்கிறீர்கள். கல்லூரிப் பையன் வேலைக்கு வந்தால், "அட்டெண்டன்ஸ் எவ்வளவு இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தேர்வு மாதத்தில் அவனை ஓவர்டைமுக்குக் கூப்பிடாதீர்கள். முதலில் பட்டம் வாங்கிய அக்கா, அண்ணன்கள் உங்கள் தெருவில் அடுத்துச் சேரும் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். கிரெடிட் எத்தனை, பகுதி நான்கில் என்ன, எத்தனை நாள் விடலாம், மறுமதிப்பீட்டுக்கு எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த நான்கு போதும்.

சேரப் போகும் பிள்ளைகளே, கல்லூரியில் முதல் நாள் யாரும் தராவிட்டாலும் நீங்களே ஆபீசில் போய்க் கேளுங்கள்: "எங்க பேட்ச்சுக்கான ரெகுலேஷன் வேணும் சார்." கூச்சப்படாதீர்கள். புரியாத வரியை அடிக்கோடிட்டு எனக்கு அனுப்புங்கள். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்