நூறு வருடத்துக்கு ஒருமுறை... எந்தக் கணக்கில்?

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடிதான் கதி. தண்ணீர் வடிவதற்குள்ளேயே ஒரு வசனம் ஊரெல்லாம் பரவிவிட்டது: "நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற மழை சார் இது!" அதாவது அடுத்தது பேரன் காலத்தில்தான், தைரியமாக வீடு வாங்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர்... மறுபடியும் வெள்ளம். எட்டே வருடம்!

(மழைக் கணக்கு வேறு, வெள்ளக் கணக்கு வேறு என்பது உண்மைதான். ஏரியைத் தூர்த்து ப்ளாட் போட்டால் சின்ன மழைக்கே வெள்ளம் வரும். இங்கே பேச்சு மழைக் கணக்கைப் பற்றி மட்டும்.)

முதல் கோளாறு அர்த்தத்திலேயே இருக்கிறது. "நூறு வருடத்துக்கு ஒருமுறை" என்றால் ஒவ்வொரு வருடமும் 100-ல் 1 வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருடம் வந்துவிட்டதே என்று மழை லீவு எடுக்காது. 30 வருட வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அது வர வாய்ப்பு சுமார் 26 சதவீதம். 0.99-ஐ 30 தடவை பெருக்கி, 1-லிருந்து கழித்துப் பாருங்கள்.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. அந்த "100" எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வருடத்தின் அதிகபட்ச ஒருநாள் மழையை எடுத்து, ஒரு வளைவைப் பொருத்தி, அதன் வால் எவ்வளவு தடிமன் என்று மதிப்பிடுகிறார்கள். ஐம்பது வருடப் பதிவு என்றால் கையில் ஐம்பதே எண்கள்! வால் கொஞ்சம் தடித்தால் 100 என்பது 40 ஆகலாம், மெலிந்தால் 400 ஆகலாம் (உதாரணத்துக்குத்தான்). ஒற்றை எண்ணைச் சொல்கிறவர் இந்தச் சந்தேகத்தை மறைக்கிறார்.

மறைக்காத வழி பேய்சியன் முறை. (பேய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாமஸ் பேய்ஸ் 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பாதிரியார்.) ராத்திரியில் பல்லாவரம் மலையில் கண்ணைக் கட்டி ஒருவரை விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு திசையில் ஓர் அடி. அந்த இடம் உயரமா? போய்விட வேண்டும். பாதி உயரம்தானா? காசைச் சுண்டி, தலை விழுந்தால் மட்டும் போக வேண்டும். ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு, அவர் எங்கெங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று எண்ணினால் மலையின் வடிவமே கிடைத்துவிடும். உயரம் என்பது அந்த வால் தடிமன் எவ்வளவு நம்பத்தக்கது என்பதன் அளவு. 1953-ல் மெட்ரோபோலிஸ் குழு அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் இயற்பியலுக்காகச் செய்தது இது. 1970-ல் ஹேஸ்டிங்ஸ் விரிவாக்கினார். 1990-ல் கெல்ஃபாண்டும் ஸ்மித்தும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு புள்ளியியலில் பரவியது. இன்று ஆர், ஸ்டான் எல்லாம் இலவசம். சாதா லேப்டாப் போதும்.

"முன்கருத்தைத் திணிக்கிறீர்களே!" என்பார்கள். கம்பெல் வளைவு போடுகிறவர் வாலின் வடிவ எண் பூஜ்யம்தான் என்று முன்கூட்டியே ஆணியடித்து விடுகிறாரே, அது என்னவாம்? அதைவிடப் பிடிவாதமான முன்கருத்து உண்டா? பேய்சியன் ஆசாமி தன் முன்கருத்தை வெளியே எழுதி வைக்கிறார், வேறொருவர் மாற்றிப் பார்க்கலாம்.

1999 டிசம்பரில் வெனிசுலா கடற்கரையில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்து, நிலச்சரிவில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்கு முந்தைய பதிவுகளை வைத்து வழக்கமான முறையில் கணக்கிட்டால், அப்படி ஒரு மழை கிட்டத்தட்ட நடக்கவே நடக்காதது. சந்தேகத்தையும் கணக்கில் சேர்த்தால் அது அவ்வளவு அபூர்வமில்லை என்று கோல்ஸும் பெரிச்சியும் 2003-ல் காட்டினார்கள்.

முடிச்சூரில் ப்ளாட் பார்க்கப் போகிறவர்களே, "நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் சார்" என்று யாராவது சொன்னால், எத்தனை வருடப் பதிவு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்!