விலகி நிற்பதும் வீரமே



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "டீச்சர், அஜித் பயந்துதானே காரைவிட்டு இறங்கினாரு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் கேட்டது 2025 சனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர மகிழுந்துப் பந்தயத்தைப் பற்றி. நடிகர் அஜித்குமார் தம் பெயரிலேயே அணி அமைத்து அங்குச் சென்றார். பயிற்சியின்போது அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றித் தப்பினார். இத்தகைய நெடும்பந்தயத்தில் ஒரே காரைப் பலர் முறைவைத்து ஓட்டுவர். ஒருவர் தடுமாறினால் அனைவரின் உழைப்பும் வீணாகும். இதனை எண்ணிய அவர், தம் அணியின் காரை ஓட்டும் பொறுப்பிலிருந்து விலகி, கூட்டணியின் மற்றொரு காரை மட்டும் ஓட்டினார். அவர் விலகிய கார் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது.

இதுவா பயம்?

ஆர்வத்தால் ஓட்டுவோரின் துன்பத்தை நான் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். என் தம்பி சில ஆண்டுகள் பந்தயங்களில் ஓட்டினான். பினாங்கிலிருந்து சிப்பாங் ஓடுதளம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். விடுப்பு எடுக்க வேண்டும். டயர், எண்ணெய், நுழைவுக் கட்டணம் அனைத்தும் சொந்தப் பணம். ஒருமுறை மோதினால் பல மாதச் சம்பளம் பழுதுபார்ப்பிலேயே கரையும். இறுதியில் அவன் காரை விற்றான். உறவினர்கள் "தோற்றுவிட்டான்" என்றார்கள். நானும் அவ்வாறே எண்ணினேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

நம் நாடே இப்படி விலகியதுண்டு. 1999 முதல் சிப்பாங்கில் நடந்த ஃபார்முலா 1 பந்தயம், செலவு மிகுந்து பார்வையாளர் குறைந்ததால், 2017ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. ஆயினும் அந்த ஓடுதளத்தில் இன்றும் பிற பந்தயங்கள் நடக்கின்றன.

இனி நம் பள்ளிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி, பேச்சுப் போட்டிக்கு முதல்நாள், "வேண்டாம் டீச்சர்" என்று அழுதாள். "பள்ளியின் பெயர் என்னாவது?" என்று அதட்டி மேடையேற்றினேன். இரண்டு வரிகளுக்குப் பின் அவளுக்குக் குரலே எழவில்லை. அதன்பின் ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை. அந்தத் தோல்வி அவளுடையதன்று, என்னுடையது.

எல்லா விலகலும் வீரம் என்று நான் வாதிடவில்லை. சோம்பலால் விலகுவது வேறு. தன் நிலையை அளந்து விலகுவது வேறு. முன்னதைத் திருத்த வேண்டும். பின்னதை மதிக்க வேண்டும். 2010இல் ஃபார்முலா 2 பந்தயங்களில் ஓட்டிய அஜித், பல்லாண்டுகள் விலகியிருந்து, ஐம்பது வயதைக் கடந்தபின் மீண்டும் களமிறங்கினார். இன்று விலகுபவன் நாளை திரும்பி வரலாம். கதவை நாம் அடைக்காதிருந்தால் போதும்.

ஆகவே, ஒரு பிள்ளை "என்னால் இயலவில்லை" என்று சொன்னால், முதலில் காரணத்தைக் கேட்போம். மேடை வேண்டாமெனில் நேரம் குறிக்கும் பணியையோ, நண்பனுக்குப் பயிற்சி தரும் பணியையோ கொடுப்போம். இருக்கையை விட்டு இறங்கினாலும் அவன் அணியில் ஒருவனே என்பதை உணர்த்துவோம்.

அந்த மாணவனுக்கும் இதையே சொன்னேன். சற்று நேரம் யோசித்தவன், "அப்படின்னா அவரு டீமுக்காக இறங்கினாரு, இல்ல டீச்சர்?" என்றான்.

ஆம் தம்பி, அதுதான் விடை.